நான்கு கால், இரண்டு புருவம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்குகளை நாயகர்களாகக் கொண்ட அனிமேஷன் படம் ஒன்று வெளியானால் நாளிதழ்களில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அரைப் பத்திதான். கதைச் சுருக்கம் நான்கு வரி, ‘குட்டீஸ் கொண்டாடலாம்’ என்று ஒரு வரி, கடைசியில் நட்சத்திரம். தங்கள் சினிமா பக்கமும் இதற்கு விலக்கில்லை. மற்ற படங்களில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, பின்னணி இசை என்று தனித்தனியாக எடைபோடும் விமர்சகர், முயலும் நரியும் திரைக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். இந்தப் படங்கள் சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒரே இருக்கை வரிசையில் உட்காரவைப்பது எதனால் என்று கேட்டால் ‘அழகா இருக்கு’ என்பதற்கு மேல் யாரும் போவதில்லை. ஆனால் அதற்கு விடை உண்டு, அதில் பாதியை அளவுகோல் வைத்தே காட்டலாம். அனிமேஷன் வேலை தெரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடிதம் நீளம், பொறுத்தருள வேண்டும்.

என் கணிப்பு இதுதான். நல்ல விலங்குப் படத்தில் கழுத்துக்குக் கீழே விலங்கு இருக்கிறது, கண்ணுக்கு மேலே மனிதன் இருக்கிறான். நடை, எடை, மூச்சு, வால் எல்லாம் அந்தப் பிராணிக்கே உரியவை. புருவமும் பார்வையும் நம்மிடம் கடன் வாங்கியவை. இரண்டையும் சேர்க்கும் தையல் எங்கே விழுகிறது, படம் முடியும்வரை பிரியாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே படம் மனதில் நிற்கிறது.

கண்ணிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943இல் சில அடையாளங்களைத் தொகுத்தார். உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, முன்தள்ளிய நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்த பெரிய கண், உப்பிய கன்னம், குட்டையான தடித்த கைகால், தடுமாற்றமான அசைவு. இவை ஒருசேர அமைந்தால் வளர்ந்தவர்களுக்கு எடுத்துக் கொஞ்சத் தோன்றும். அது மனிதக் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் இதைக் கையில் எடுத்துக்கொண்டு 1979இல் மிக்கி மவுஸின் படங்களை அளந்து பார்த்தார். சுமார் ஐம்பது ஆண்டுகளில் மிக்கியின் கண், தலை நீளத்தில் 27 விழுக்காடாக இருந்தது 42 விழுக்காடாகியிருந்தது. தலையோ உடல் நீளத்தில் 42.7இலிருந்து 48.1 விழுக்காட்டுக்கு வந்திருந்தது. தொடக்கத்தில் முரட்டுக் குறும்பனாக இருந்த எலி, நல்ல பிள்ளையாக மாற மாற முகமும் குழந்தை முகமாகிக்கொண்டே போயிற்று.

இதைப் படித்துவிட்டுக் கண்ணைப் பெரிதாக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவசரத்தில் செய்த படங்களைப் பார்த்தாலே தெரியும், தலையில் பாதி கண்ணாக இருக்கும், பார்வை மட்டும் இருக்காது. கண் பெரிதாகும் அளவுக்கு இமைக்கும் வேலை கூடுகிறது. மேல் இமை கருவிழியின் உச்சியைச் சற்றே மறைத்திருக்க வேண்டும். கருவிழியைச் சுற்றி நாற்புறமும் வெள்ளை தெரிந்தால், பாத்திரம் சிரித்தாலும் மிரண்டு போனது போலவே இருக்கும். திரைப்படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுகிறது. சாதாரண இமைப்புக்கு அதில் ஐந்தாறு போதும்: மூட 2, மூடிய நிலையில் 1, திறக்க 3. எல்லாவற்றையும் சம அளவில் வைத்தால் தூக்கக் கலக்கம்போல் ஆகிவிடும். பார்வை ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு 2 பிரேமில் தாவிவிட வேண்டும். எட்டு பிரேம் எடுத்துக்கொண்டு வழுக்கிப் போனால் அது கண்ணாடிக் குண்டு, கண் இல்லை.

வெள்ளைவிழி விஷயத்திலும் ஒரு பொய் இருக்கிறது. நம் கண்ணில் வெள்ளை எப்போதும் வெளியே தெரியும். பெரும்பாலான மிருகங்களுக்கு அப்படித் தெரிவதில்லை. மானுக்கும் முயலுக்கும் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன, பின்னாலிருந்து வரும் எதிரியைப் பார்ப்பதற்காக. படத்தில் அவற்றை முன்னுக்கு நகர்த்தி, வெள்ளையும் சேர்க்கிறார்கள். ஒரு பாத்திரம் எங்கே பார்க்கிறது என்று புரியாவிட்டால் அது என்ன நினைக்கிறது என்பதும் புரியாது. இயற்கையில் உள்ளபடியே விட்டால் நேர்முகக் காட்சியில் கண்கள் இரண்டும் ஓரங்களுக்குப் போய்விடும். நடுவே நீளமான மூக்குத்தண்டு மட்டும் நிற்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு சோகக் காட்சி எடுக்க முடியாது.

கண்ணைவிடக் கூடுதலாக உழைப்பது புருவம். 2019இல் வெளியான ஓர் ஆய்வு நாயின் முகத்தையும் ஓநாயின் முகத்தையும் தசை தசையாக ஒப்பிட்டது. உள்புருவத்தை மேலே தூக்கும் தசை நாய்களிடம் நன்றாக அமைந்திருக்கிறது. ஓநாய்களிடம் பேருக்குச் சில இழைகள்தான். நாய் நம்மைப் ‘பாவமாக’ப் பார்ப்பது அந்தத் தசையால். அனிமேட்டர்கள் உடற்கூற்று ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. வாலஸ்-குரோமிட் படங்களில் வரும் குரோமிட் என்ற நாய்க்கு வாயே வைக்கவில்லை, ஒரு சொல் பேசுவதுமில்லை. களிமண் புருவ மேட்டை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கியே சலிப்பு, சந்தேகம், எரிச்சல் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். மீனுக்குப் புருவம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வில் மீன்களின் கண்ணுக்கு மேலே புருவம்போல் அசையும் ஒரு மேடு உண்டு. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் 2019இல் வந்த ‘தி லயன் கிங்’. கணினியில் உருவாக்கிய சிங்கங்கள், பார்வைக்கு அசல் சிங்கங்கள். புருவத்தைத் தொடவில்லை. குரல் கதறும்போதும் முகம் சும்மா இருந்தது என்று உலகம் முழுக்க விமர்சகர்கள் எழுதினார்கள். ஆனால் அந்தப் படம் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே பெயரில் 1994இல் வந்த பழைய படத்தின் மீதான பாசம், பாட்டு, பெயர் எல்லாம் சேர்ந்து அரங்கை நிரப்பின. அரங்கு நிரம்புவதும் பாத்திரம் மனதில் ஒட்டிக்கொள்வதும் வேறு வேறு கணக்கு.

இனி கால்கள். பார்வையாளரின் கண்ணில் படாமலே படத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இவைதான். நாலுகால் மிருகம் நிதானமாக நடக்கும்போது கால் விழும் வரிசை இப்படி: இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால். ஒரு முழுச் சுற்று 24 பிரேம் என்று வைத்துக்கொண்டால், இடப் பின்னங்கால் 1ஆம் பிரேமில் ஊன்றுகிறது. இட முன்னங்கால் 7இல், வலப் பின்னங்கால் 13இல், வல முன்னங்கால் 19இல். நடுத்தர உயர நாய்க்கு இந்தக் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும். மெல்ல நடக்கும் யானைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 48 பிரேமோ அதற்கு மேலோ வேண்டும். ஓடுகிற சுண்டெலிக்கு ஒரு சுற்று நான்கைந்து பிரேமுக்குள் முடிந்துவிடும். அவ்வளவு குறைந்த பிரேமில் காலைத் தெளிவாகக் காட்டினால் வெறும் படபடப்புதான் தெரியும். ஆகவே காலை இழுத்து மங்கலாக்கிவிடுவார்கள்.

கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. முன்னங்கால் ஜோடிக்கு ஒரு மனித நடை, பின்னங்கால் ஜோடிக்கு இன்னொரு மனித நடை என்று தனித்தனியாக அமைத்துவிட்டு நடுவே முதுகைப் பொருத்துவார்கள். மூலைவிட்டக் கால்கள் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் அது நடையாக இருக்காது, சீரோட்டம் ஆகிவிடும். உடல் முன்னேறும் வேகமோ நடை வேகமாக இருக்கும். விளைவு, பாதம் தரையில் வழுக்கும். ஒட்டகம் ஓடும்போது ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போகின்றன. குதிரைக்குச் செய்த அசைவை எடுத்து ஒட்டகத்துக்கு மாட்டினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நாயின் பின்னங்காலில் பின்னோக்கி மடிவதுபோல் தெரியும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரமாக ரோமத்துக்குள் இருக்கிறது. நாயும் பூனையும் விரல்களில் நிற்கின்றன, மானும் குதிரையும் குளம்பில், அதாவது நகத்தில். கரடி மட்டும் நம்மைப்போல் உள்ளங்கால் முழுவதையும் ஊன்றுகிறது. இரண்டு காலில் நடக்கும் கரடி திரையில் இயல்பாகத் தெரிவதற்கும், இரண்டு காலில் நிற்கும் மானுக்குச் சட்டை மாட்டி இடுப்பை மறைக்க வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம். தோள்பட்டை இன்னொரு பொறி. பூனைக்குக் காரை எலும்பு பேருக்குத்தான். அது எந்த எலும்போடும் இணைந்திருப்பதில்லை. தோள்பட்டை எலும்பு தசையில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் சறுக்குகிறது. பதுங்கி வரும் பூனையின் முதுகில் இரண்டு மேடுகள் மாறி மாறி எழுவதைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். கணினி மாடலில் தோளை ஓரிடத்தில் அறைந்துவிட்டால், கால் மட்டும் ஆணியில் மாட்டியதுபோல் சுழலும், உடல் பலகையாகிவிடும். அந்தப் படத்தில் எத்தனை லட்சம் ரோமம் சேர்த்தாலும் பூனை வராது.

பாய்ச்சலில் ஓவியர்கள் பல நூற்றாண்டுகள் ஏமாந்தார்கள். குதிரையின் நான்கு காலும் முன்னும் பின்னும் நீண்டு அந்தரத்தில் பறப்பதாக வரைந்தார்கள். ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்கள்தாம் உண்மையைக் காட்டின: குதிரை தரையை விட்டு எழுவது கால்கள் வயிற்றுக்கு அடியில் குவியும் கணத்தில். சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிக்கும் கிரேஹவுண்டு நாய்க்கும் ஒரே சுற்றில் அந்தரம் இரண்டு முறை வரும், குவியும்போது ஒன்று, நீளும்போது ஒன்று. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்வதால் அது கைகூடுகிறது. யானை என்ன விரைந்தாலும் நான்கு காலையும் ஒருசேரத் தூக்குவதில்லை. துள்ளிக் குதிக்கும் யானைக்குட்டி திரையில் சிரிப்பு வரவழைக்கும், எடை மட்டும் போய்விடும். எடை போன யானைக்கு ஆபத்து வந்தால் யார் பதறப் போகிறார்கள்?

இந்தப் பெயர்களெல்லாம் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியாது. ஆனால் நாயும் பூனையும் நடப்பதைத் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்க்கும் வயது அது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் தவறான நடையில் சீக்கிரம் ஆர்வம் இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். இதனால்தான் 1942இல் வந்த ‘பாம்பி’க்காக ஸ்டுடியோவிலேயே மான்குட்டிகளை வைத்து வரைந்தார்கள், ரிகோ லெப்ரூன் என்ற ஓவியரைக் கொண்டு உடற்கூறு வகுப்பும் நடத்தினார்கள். அதே படத்தில் மான்குட்டியின் முகபாவங்களுக்கு மனிதக் குழந்தைகளைப் பார்த்துப் பழகினார் டிஸ்னி அனிமேட்டர் மார்க் டேவிஸ். கீழே மான், மேலே குழந்தை. 2007இல் வந்த ‘ராட்டட்டூயி’க்கும் ஸ்டுடியோவில் எலிகளை வளர்த்துப் பார்த்துத்தான் செய்தார்கள்.

ரோமத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எண்ணிக்கையை மட்டும் எழுதும். 2016இல் வந்த ‘ஜூடோபியா’வில் முயலுக்கும் நரிக்கும் ஆளுக்கு 25 லட்சம் முடி, ஒட்டகச்சிவிங்கிக்கு 90 லட்சம் என்று அதைத் தயாரித்தவர்களே சொன்னார்கள். அத்தனையையும் யாரும் ஒவ்வொன்றாகச் சீவுவதில்லை. சில ஆயிரம் வழிகாட்டி முடிகளை மட்டும் கையால் படியவைப்பார்கள், இடைப்பட்டதைக் கணினி நிரப்பும். வேலை பார்க்கும்போது அனிமேட்டரின் திரையில் இருப்பது பெரும்பாலும் மொட்டை மாடல். இல்லாவிட்டால் கணினி நகராது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பாத்திரங்கள் கட்டிப்பிடிக்கும் காட்சியில் மொட்டைத் தோல்கள் இரண்டும் ஒட்டும்படி அமைத்தால், ரோமம் சேர்ந்த பிறகு ஒன்றின் கை இன்னொன்றின் உடலுக்குள் புதைந்திருக்கும். ரோமத்தின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டு, கை பட்ட இடத்தில் முடியை அழுத்திப் படியவைக்க வேண்டும். நனைந்த ரோமம் இன்னும் மோசம். முடிகள் கற்றைகளாகத் திரளும், உடல் பாதியாகச் சுருங்கும், தோல் தெரியும். சிறிய பிராணி என்றால் தண்ணீரின் அளவும் சரியாக இருக்க வேண்டும். எலியின் மீது விழும் துளி உருண்டையாக நிற்கும், பரவி ஓடாது. இது தவறினால் எலி யானை அளவுக்குத் தெரியும், அல்லது வெள்ளம் தொட்டித் தண்ணீராகத் தெரியும்.

பொம்மைகளை வைத்துப் படம்படமாக எடுக்கும் ஸ்டாப் மோஷனில் நிலைமை வேறு. ஒவ்வொரு பிரேமுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டியிருப்பதால் விரல் பட்ட இடத்தில் ரோமம் கலைந்து, ஓடும் படத்தில் கொதிப்பதுபோல் துடிக்கும். வழக்கமாக இதைக் குறை என்றுதான் சொல்வார்கள். 2009இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்’ அதைத் தெரிந்தே விட்டுவைத்தது. நரியின் மேல் எப்போதும் லேசான காற்று வீசுவதுபோல் இருக்கும், அந்தப் படத்துக்கு அது பொருந்தியும் வந்தது.

உடலும் முகமும் சரியானாலும், கதையின் விதி தெளிவாக இல்லையென்றால் படம் கவிழும். விலங்குகள் தங்களுக்குள் பேசுமா? மனிதரோடு பேசுமா? உடை உடுத்துமா? எதைத் தின்னும்? திரைக்கதை எழுதும் கட்டத்திலேயே இவற்றுக்கு விடை தீர்மானமாகிவிட வேண்டும். ‘ராட்டட்டூயி’யில் எலிகள் தங்களுக்குள் பேசுகின்றன, மனிதன் முன்னால் நாயக எலிக்குத் தலையசைப்பும் சைகையும் மட்டும்தான். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே அதன் நகைச்சுவை பிறக்கிறது. ‘பாம்பி’யில் மான் பேசும், முயல் பேசும், வேட்டைக்கார மனிதன் திரையில் ஒரு முறைகூடத் தெரிய மாட்டான். சாப்பாட்டுப் பிரச்சினைதான் எல்லாவற்றிலும் கடினம். எல்லாப் பிராணியும் பேசும் உலகத்தில் சிங்கம் யாரைத் தின்பது? 1994இல் வந்த ‘தி லயன் கிங்’ புழு பூச்சிகளைக் கொடுத்துத் தப்பித்தது, 2005இல் வந்த ‘மடகாஸ்கர்’ மீனைக் கொடுத்தது. பூச்சிக்கும் மீனுக்கும் குரல் இல்லாதவரை பார்வையாளர் ஏற்றுக்கொள்கிறார். ஒரு காட்சியில் மீன் வாய் திறந்து பேசிவிட்டால், அடுத்த காட்சியின் விருந்தைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

பேச்சே இல்லாமலும் ஒரு முழுப் படம் நிற்கும். 2015இல் வந்த ‘ஷான் த ஷீப்’ படத்தில் வசனம் என்று எதுவும் கிடையாது. லாத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கி 2024இல் வந்த ‘ஃப்ளோ’ இன்னும் ஒரு படி மேலே போனது. பூனையும் நாயும் கேப்பிபாரா என்ற பெரிய கொறிக்கும் பிராணியும் தத்தம் குரலில் மட்டும் ஒலி எழுப்பும். படம் முழுவதும் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்யப்பட்டது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதிலும் ஒரு திருட்டுத்தனம் உண்டு. கேப்பிபாராவின் அசல் குரல் கீச்சென்று இருந்ததால் அந்தச் சாதுவான உடம்புக்கு ஒட்டவில்லை. ஆகவே ஒட்டகக் குட்டி ஒன்றின் குரலை வைத்தார்கள். உண்மையான சத்தமா என்பதைவிட, அந்த உடலிலிருந்து வரும் சத்தமாகக் கேட்கிறதா என்பதே முக்கியம்.

பேசும் படங்களில் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்பத்தான் வாயசைப்பார்கள். பிற மொழிக்கு டப்பிங் செய்யும்போது ப, ம போன்ற எழுத்துகள் தலைவலி. உதடு மூடிய பிரேமில் அவை விழ வேண்டும். நீண்ட முகமுள்ள விலங்கு என்றால் கொஞ்சம் சலுகை கிடைக்கும், அலகுள்ள பறவை என்றால் நிறையவே கிடைக்கும். மூச்சில்தான் பல டப்பிங்குகள் கோட்டை விடுகின்றன. ஓடி வந்து நின்ற நாய் வசனத்துக்கு நடுவே இரைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை நிரப்பி எழுதிவிட்டால் இரைப்பதற்கு இடமே இருக்காது.

இவ்வளவு உடற்கூறு பார்க்கும் துறை, வாழ்வியலில் மட்டும் தாராளமாகப் புளுகுகிறது. 1998இல் வந்த ‘எ பக்ஸ் லைஃப்’ படத்தில் எறும்புக்கு நான்கே உறுப்புகள், இரண்டு கை இரண்டு கால். 2006இல் வந்த ‘பார்ன்யார்டு’ படத்தில் காளைக்கு மடி. 2007இல் வந்த ‘பீ மூவி’யில் மகரந்தம் கொண்டுவரும் வீரர்கள் ஆண் தேனீக்கள்; உண்மையில் வேலைக்காரத் தேனீ எல்லாம் பெண், ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. நீமோவின் இனமான கோமாளி மீனில், குழுவை ஆளும் பெண் மீன் இறந்தால் அதன் துணையான ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். படத்தின் அப்பா அப்பாவாகவே இருக்கிறார். எறும்பின் கால்களை மன்னிக்கலாம், ஆறு காலும் அசைந்தால் நடிப்பு கலங்கும் என்பது ஒரு நியாயம். நீமோவின் அப்பாவையும் மன்னிக்கலாம், அது சொல்லாமல் விட்ட உண்மை. தேனீ விஷயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு கூட்டின் உழைப்பு முழுவதையும் பெண்களிடமிருந்து பிடுங்கி ஆண்கள் கையில் கொடுப்பதற்குக் கலை நியாயம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட படங்களை விமர்சனங்களில் ‘இயற்கைப் பாடம்’ என்று எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்குச் சில ஆய்வுகள் உண்டு. அவை படக்கதைப் புத்தகங்களைப் பற்றியவை என்பதை மறக்கக் கூடாது. 2014இல் வெளியான ஒன்று, விலங்குகளை மனிதரைப்போல் பேசவைத்த புத்தகங்களைக் கேட்ட சிறுபிள்ளைகள் அசல் விலங்குகளுக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொன்னதாகக் காட்டியது. டொரண்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த இன்னொன்றில், பகிர்ந்து கொடுப்பது பற்றிய கதையில் மனிதப் பாத்திரங்கள் வந்தபோது பிள்ளைகள் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். அதே கதையில் விலங்குகள் வந்தபோது அந்த மாற்றம் இல்லை. விலங்குப் படம் பார்த்தால் நற்குணம் வரும் என்று விளம்பரப்படுத்துவோர் இதைப் படிக்கலாம். சந்தோஷமாகப் பார்ப்பதற்கு வேறு பயன் எதற்கு என்பது என் கட்சி.

வளர்ப்புப் பிராணி விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நாய்கள் நடித்த படங்களையும் அமெரிக்காவில் நாயினப் பதிவுகளையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு படத்தின் தாக்கம் அந்த இனத்தின் மவுசில் பத்தாண்டுவரைகூட நீடிக்கலாம் என்கிறது. திரையில் சாதுவாக வரும் டால்மேஷன், வண்டிகளோடு மைல் கணக்கில் ஓடப் பழக்கிய நாய். அடைத்து வைத்தால் பொருட்களைக் கடித்துக் குதறும். பிறவிச் செவிட்டுத்தன்மையும் அந்த இனத்தில் அதிகம். மீன் கதை வேறு மாதிரி. 2016இல் ‘ஃபைண்டிங் டோரி’ வந்தபோது டோரியின் இனமான நீல டாங் மீன்களை எல்லோரும் வாங்கிக் குவிப்பார்கள் என்று பயந்தார்கள். பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு இணையத் தேடல் கூடியதற்குச் சான்று கிடைத்தது. இறக்குமதி கூடியதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த மீனைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. உப்புநீரில் வாழ்வது, 30 செ.மீ. வரை வளரும், பெரும்பாலும் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டே விற்பனைக்கு வருகிறது. தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்ததாக ஃப்ளோரிடா ஆய்வாளர்கள் அறிவித்ததே 2016இல்தான். கோமாளி மீன் அப்படி இல்லை, அதைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள்.

இத்தனையும் ஒரு விமர்சனத்தில் அடங்காது என்று எனக்குத் தெரியும். கேட்பது மூன்று விஷயங்கள். ஒன்று, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நடையையும் பார்வையையும் பற்றி ஒரு வரி. இரண்டு, டப்பிங்கில் பார்த்ததா மூலத்தில் பார்த்ததா என்ற தகவலும், டப்பிங் என்றால் குரல் கொடுத்தவர்களின் பெயர்களும். மூன்றாவதை நான் வற்புறுத்துவேன். ‘எல்லா வயதினரும் பார்க்கலாம்’ என்று முடிக்காமல், பயமூட்டும் காட்சி எது, எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, திரையில் தெரிகிறதா ஒலியில் மட்டுமா என்று அச்சிடுங்கள். ‘பாம்பி’யில் தாய் இறப்பது திரைக்கு வெளியே, துப்பாக்கிச் சத்தமாக மட்டும். 1994இன் ‘தி லயன் கிங்’கில் தந்தையின் உடலுக்குப் பக்கத்தில் குட்டி படுத்துக்கொள்வதே காட்சி. இரண்டுக்கும் ஒரே சான்றிதழ் போதாது. நான்கு வயதுக் குழந்தை பல்லையும் இருட்டையும் உறுமலையும் கண்டு மிரள்கிறது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டால் அதற்குப் போதும், விளக்கம் எடுபடாது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பல் பயமில்லை, அம்மா போய்விடுவாளோ என்பதே பயம். அதனோடு உட்கார்ந்து பேச வேண்டும். நிமிடக் கணக்கு கையில் இருந்தால், யாரை எப்போது மடியில் எடுத்துக்கொள்வது என்று பெற்றோர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு அரங்குக்குள் போவார்கள்.

இப்படிக்கு,
அனிமேஷன் துறை சார்ந்த வாசகர் ஒருவர்